ஆறு கட்டமும் நிரம்பியிருந்தது: ஒரு தாதிமை மேலாளரோடு செய்த தன்னாய்வு

இந்த நிகழ்வில் வருபவர் சிங்கப்பூரில் ஒரு மருத்துவமனை வார்டை நடத்தும் தாதிமை மேலாளர். நாற்பதுகளின் நடுவில் இருப்பவர். மலேசியாவின் ஜோகூர் பாருவில் பிறந்தவர், வேலைக்குச் சேர்ந்த புதிதில் தினமும் கடற்பாலம் தாண்டி வந்து போனவர், பிறகு இங்கேயே நிரந்தரவாசி ஆனவர். வார்டில் எல்லோரும் அவரை ‘சிஸ்டர்’ என்று கூப்பிடுவார்கள். நானும் இங்கே அப்படியே குறிப்பிடுகிறேன். எழுதுவதற்கு அவர் சம்மதித்திருக்கிறார். ஆளைக் காட்டிக்கொடுத்துவிடக்கூடிய விவரங்களை இருவரும் சேர்ந்து உட்கார்ந்து மாற்றினோம். சிங்கப்பூர்க் குடியிருப்பாளர்களில் இந்தியர் சுமார் 9 விழுக்காடுதான். அதில் தமிழ்த் தாதியர் வட்டம் இன்னும் சின்னது. இரண்டு தடயம் கிடைத்தால் மூன்றாவது போன் காலில் ஆளைப் பிடித்துவிடுவார்கள்.

அவரைக் கோச்சிங்குக்கு என்னிடம் அனுப்பியது மருத்துவமனையின் மனிதவளப் பிரிவு. வார்டின் வேலையில் குறை எதுவும் இல்லை. நோயாளி கீழே விழுவது, மருந்து மாறிப்போவது போன்ற சம்பவங்கள் குறைவு, தணிக்கையில் நல்ல பெயர். சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. ரோஸ்டர் (பணி நேர அட்டவணை) சண்டை, இருவருக்குள் மனஸ்தாபம், வேலையை விட நினைக்கும் ஆள் என்று எதுவும் முதலில் சிஸ்டர் காதுக்கு வருவதில்லை. அவருக்கு மேலே இருப்பவருக்குத் தெரிந்து, மனிதவளப் பிரிவுக்குத் தெரிந்து, கடைசியில்தான் அவருக்குத் தெரிகிறது. “ஆளுங்க உங்ககிட்ட வந்து பேசப் பயப்படறாங்களா?” என்று மேலதிகாரி கேட்டிருக்கிறார். சிஸ்டருக்கு அது சுருக்கென்று தைத்துவிட்டது. முதல் சந்திப்பில் என்னிடம் சொன்னார்: “என் ரூம் கதவு எப்பவும் திறந்துதான் இருக்கு அக்கா. வந்து சொல்லாதது யாரோட தப்பு?”

யாருக்கு எவ்வளவு தெரியலாம்

வேலையைத் தொடங்குவதற்கு முன் சிஸ்டர், அவருடைய மேலதிகாரி, மனிதவள அதிகாரி, நான் என்று நான்கு பேரும் ஒருமுறை உட்கார்ந்தோம். சிஸ்டர் சந்திப்புகளுக்கு வருகிறாரா, எந்த இலக்கை நோக்கி வேலை செய்கிறார் என்ற இரண்டு தகவல் மட்டும் மருத்துவமனைக்குப் போகும். மீதி அவர் சொன்னால்தான் உண்டு. நோயாளிகளின் பாதுகாப்புக்கு ஆபத்து என்று ஏதாவது தெரியவந்தால் என்னால் மூடிவைக்க முடியாது என்பதையும் அங்கேயே சொல்லிவிட்டேன். பணம் கொடுப்பவருக்கும் பேச வருபவருக்கும் இரகசியத்தின் எல்லையை முன்கூட்டியே விளக்கிவிட வேண்டும் என்பது ஐசிஎஃப் என்ற சர்வதேசக் கோச்சிங் கூட்டமைப்பின் நெறிமுறையிலேயே உள்ள விஷயம்.

மனிதவள அதிகாரி நல்ல எண்ணத்தில்தான் கேட்டார்: “சிஸ்டர் எழுதுற ரிஃப்ளெக்‌ஷன் நோட்டை அவங்க டெவலப்மென்ட் ஃபைல்ல வச்சுக்கலாமா?” முடியாது என்று சொல்லி, அதை ஒப்பந்தத்திலும் ஒரு வரியாகச் சேர்த்தேன். வேறொருவர் படிக்கப்போகிறார் என்று தெரிந்து எழுதும் தன்னாய்வு வேலை விண்ணப்பம் மாதிரிதான் வரும்.

சந்திப்புகளை அவர் வீட்டுப் பக்கமும் இல்லாமல் மருத்துவமனைப் பக்கமும் இல்லாமல், தூரத்தில் இருந்த ஒரு சமூக மன்றத்தில் அறை எடுத்து வைத்துக்கொண்டோம். கோப்பிக் கடையில் உட்கார்ந்து இந்த வேலையைச் செய்ய முடியாது. பக்கத்து மேசையில் யாருடைய பெரியம்மா இருப்பார் என்று சொல்ல முடியாது.

குறையே இல்லாத முதல் பக்கம்

சமீபத்தில் மனதில் நின்றுபோன ஒரு சம்பவத்தை எழுதி வாருங்கள் என்றேன். எப்படி எழுத வேண்டும் என்று சொல்லவில்லை. அவர் கணினியில் தட்டச்சு செய்து, ஆங்கிலத்தில், ஆறு தலைப்பு போட்டுக் கொண்டுவந்தார். கல்வியாளர் கிரகாம் கிப்ஸ் 1988இல் வகுத்த தன்னாய்வுச் சுழற்சி அது: என்ன நடந்தது, என்ன உணர்ந்தேன், எது நன்றாகப் போனது எது போகவில்லை, அதற்கு என்ன பொருள், வேறென்ன செய்திருக்கலாம், அடுத்த முறை என்ன செய்வேன். தாதிமைப் படிப்பில் இதைப் பாடமாகவே வைத்திருக்கிறார்கள். சிஸ்டர் மாணவியாக இருந்தபோதும் எழுதியவர், இப்போது பயிற்சிக்கு வரும் மாணவர்கள் எழுதுவதைத் திருத்துகிறவர்.

பக்கத்தில் ஆறு கட்டமும் நிரம்பியிருந்தது. ‘என்ன நடந்தது’ என்ற இடத்தில் இரண்டே வரி: ஒரு ஊழியர் ஷிப்ட் மாற்றம் கேட்டார், கிடைக்காததால் அந்த நாளில் எம்சி (மருத்துவ விடுப்பு) எடுத்துவிட்டார். உணர்வு என்ற இடத்தில் ‘ஏமாற்றம்’. அப்புறம் தலைமைத்துவம் பற்றி அரைப் பக்கம். கடைசியில், என் தொடர்புத் திறனை மேம்படுத்துவேன்.

திருத்துகிற ஆசிரியராக இருந்தால் நான் நல்ல மதிப்பெண் போட்டிருப்பேன். கோச்சாக எனக்கு அதில் பிடிமானமே கிடைக்கவில்லை. அந்த ஊழியர் என்ன சொன்னார், சிஸ்டர் என்ன சொன்னார், எங்கே நின்று பேசினார்கள், எதுவும் இல்லை. நடந்தது இரண்டு வரி, படிப்பினை ஒரு பக்கம். மதிப்பெண்ணுக்காகத் தன்னாய்வு எழுதிப் பழகிய கைக்கு இது சகஜம். தாதியர் மட்டுமில்லை, ஆசிரியர்களிடமும் இதையே பார்க்கிறேன். கிப்ஸின் சுழற்சியில் எனக்குக் குறை இல்லை. அதில் முதல் கட்டத்தை இரண்டு வரியில் தாண்டிவிட்டால் மற்ற ஐந்தும் ஏற்கெனவே மனதில் இருக்கும் தீர்ப்பைத்தான் அழகாக எழுதித்தரும்.

நம் ஆட்களுக்கு இதில் கூடுதலாக ஒரு பழக்கம் உண்டு. ‘உன்னையே கொஞ்சம் யோசித்துப் பார்’ என்பதை வீட்டில் எப்போது கேட்டிருக்கிறோம்? திட்டு வாங்கும்போது. அதனால் யோசி என்றதுமே குற்றத்தை ஒப்புக்கொள்வதா, மறுப்பதா என்றுதான் மனம் ஓடுகிறது. சிஸ்டர் சில நாள் ஒப்புக்கொள்வார், சில நாள் மறுப்பார். இரண்டிலும் நடந்த விஷயம் கைநழுவிப் போய்விடும்.

கேமராவில் தெரிவது மட்டும்

எனவே முதல் கட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற ஐந்தையும் எடுத்துவிட்டேன். அடுத்த சந்திப்புவரை, ஊழியர் யாராவது ஏதாவது கேட்டு வந்த சம்பவங்களை மட்டும் எழுத வேண்டும். சுவரில் மாட்டிய கேமராவில் தெரிவதும் கேட்பதும் மட்டும். கணினி வேண்டாம், புளோக்குக்குக் கீழே மாமா கடையில் ஒரு பள்ளி நோட்டு வாங்கிக்கொள்ளுங்கள் என்றேன். பேச்சு எந்த மொழியில் நடந்ததோ அதே மொழியில் எழுத வேண்டும். நோயாளியின் பெயர், படுக்கை எண், நோய் எதுவும் நோட்டில் வரக்கூடாது. மருத்துவத் துறையில் இருப்பவர்களோடு இந்த வேலையைச் செய்கிறவர்கள் இந்த விதியை முதல் நாளே சொல்லிவிடுவது நல்லது.

அவருக்குப் பிடிக்கவில்லை. “இன்சிடென்ட் ரிப்போர்ட் மாதிரி இருக்கே அக்கா. இதுல நான் எங்க இருக்கேன்?” என்றார். நியாயமான கேள்விதான். கொஞ்சம் பொறுங்கள் என்றேன்.

கொண்டுவந்த முதல் பக்கத்தில் ஒரு வரி: “அவள் அலட்சியமாக நின்றாள்.” அலட்சியம் கேமராவில் எப்படித் தெரியும் என்று கேட்டேன். யோசித்தார். சுவரில் சாய்ந்து நின்றாள். கையில் ரிப்போர்ட் தாள் (அடுத்த ஷிப்டிடம் பொறுப்பை ஒப்படைக்கும் குறிப்பு) இருந்தது. என்னைப் பார்க்காமல் தாளைப் பார்த்தாள். இவ்வளவும் சொல்லிவிட்டு அவரே நிறுத்தினார். “காலையில ஏழு மணியிலேருந்து நின்னுட்டு இருக்கா. அந்த நேரத்துல நானும் சாய்ஞ்சுதான் நிப்பேன்.”

மேலாண்மை அறிஞர் கிரிஸ் ஆர்கிரிஸ் இதை ஏணி என்றார். கண்ணில் படும் ஆயிரம் விஷயங்களில் ஒன்றிரண்டைப் பொறுக்குகிறோம், அதற்குப் பொருள் கொடுக்கிறோம், அனுமானம் செய்கிறோம், முடிவுக்கு வருகிறோம், அந்த முடிவின்படி நடந்துகொள்கிறோம். ஏறியது தெரியாத அளவுக்கு வேகமாக ஏறிவிடுகிறோம். சிஸ்டரிடம் ஏணி பற்றி நான் வகுப்பு எடுக்கவில்லை. ‘அலட்சியம்’ என்ற ஒரு சொல்லை எடுத்துவிட்டு எழுதச் சொன்னதே போதுமானதாக இருந்தது.

தாளின் நடுவே ஒரு கோடு

சம்பவங்கள் சுத்தமாக வரத் தொடங்கியதும் அடுத்த பயிற்சிக்குப் போனோம். ஆர்கிரிஸும் அவரோடு சேர்ந்து எழுதிய டோனல்ட் ஷோனும் 1970களில் பயன்படுத்தியது இது. தாளின் நடுவே ஒரு கோடு போட வேண்டும். வலப்பக்கம் வாயால் பேசியது. இடப்பக்கம் அந்த நேரத்தில் மனதில் ஓடி, வெளியே வராமல் போனது. வலப்பக்கத்தை முழுதாக எழுதி முடித்த பிறகே இடப்பக்கத்துக்கு வர வேண்டும். அந்த எம்சி சம்பவத்தையே மறுபடி எழுதச் சொன்னேன். அவர் அனுமதியோடு அந்தப் பக்கம்:

அவள்: “சிஸ்டர், அடுத்த வியாழக்கிழமை ஷிப்ட் மாத்திக்க முடியுமா?”
இடப்பக்கம்: மறுபடியும் இவளா. போன மாசமும் இப்படித்தான்.

நான்: “ரோஸ்டர் போட்டாச்சேம்மா.”
இடப்பக்கம்: வீட்டுல ஏதோ பிரச்சினை போல. கேக்கலாமா? கேட்டா கதை நீளும். ரிப்போர்ட்டுக்கு நேரமாச்சு.

அவள்: “தெரியும் சிஸ்டர். கொஞ்சம் அவசரம்.”

நான்: “யாராவது மாத்திக்க ரெடியான்னு நீயே கேட்டுட்டு வா.”
இடப்பக்கம்: எனக்கெல்லாம் யாரு மாத்திக் கொடுத்தா? நம்ம ஊருப் பொண்ணுன்னு இவளுக்கு விட்டுக்கொடுத்தா நாளைக்கு மத்தவங்க என்ன பேசுவாங்க?

அவள்: “சரி சிஸ்டர்.”
இடப்பக்கம்: அப்பாடா.

இதைச் சத்தமாக வாசிக்கச் சொன்னேன். ‘அப்பாடா’ வந்ததும் சிரித்துவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து, “நான் முடியாதுன்னு சொல்லவே இல்ல பாருங்க. ஆனா அவ போயிட்டா” என்றார்.

முதல் சந்திப்பில் அவர் சொன்ன திறந்த கதவு பொய் இல்லை. மனதார நம்பித்தான் சொன்னார். வாயால் சொல்லும் கொள்கை ஒன்று, நடத்தையை உண்மையில் ஓட்டும் கொள்கை இன்னொன்று, இரண்டும் விலகியிருப்பது அவரவருக்குத் தெரிவதில்லை என்று ஆர்கிரிஸும் ஷோனும் எழுதியிருக்கிறார்கள். கதவு திறந்திருந்தது, வந்தவரைச் சீக்கிரம் அனுப்பிவைக்கும் பேச்சும் கூடவே இருந்தது. இதை நான் சொல்லியிருந்தால் அவர் வாதாடியிருப்பார், வாதத்தில் ஜெயித்தும் இருப்பார். தன் கையெழுத்தோடு யார் வாதாடுவது?

நள்ளிரவு நோட்டு

இடையில் ஒரு சிக்கல் வந்தது. ஒரு சந்திப்புக்கு வந்தபோது முகம் வாடியிருந்தது. மதிய ஷிப்ட் முடிந்து இரவு வீடு வந்து, எல்லோரும் தூங்கியபின் எழுதுகிறார். எழுதி முடித்தாலும் மூடிவைக்க முடியவில்லை. பழைய சம்பவங்கள் ஒவ்வொன்றாக வருகின்றன, பக்கம் பக்கமாகப் போகிறது, தூக்கம் போகிறது. அந்தப் பக்கங்களைப் பார்த்தேன். நடந்தது சுருங்கி, ‘நான் ஏன் இப்படி இருக்கிறேன்’ என்ற கேள்வியே திரும்பத் திரும்ப வந்திருந்தது.

தன்னைப் பற்றி யோசிப்பதில் இரண்டு வகை உண்டு. டிராப்னெல், கேம்ப்பெல் என்ற உளவியலாளர்கள் 1999இல் இவற்றைப் பிரித்து அளக்க ஒரு வினாத்தாளே அமைத்தார்கள். ஒன்று ஆர்வத்தால் வருவது. மற்றது பயத்தாலும் இழப்பாலும் வருவது, அதே இடத்தை அரைத்துக்கொண்டே இருப்பது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். நோட்டைப் பார்த்தால் பிரிந்துவிடும்: அரைக்கும் பக்கத்தில் புதிய தகவலே இருக்காது.

எழுதும் நேரத்தை மாற்றினோம். பகலில், வேலைக்கு வரும் முன், டைமர் வைத்துப் பன்னிரண்டு நிமிடம். மணி அடித்தால் பாதி வாக்கியத்திலும் நிறுத்திவிட வேண்டும். ஒரு நாளைக்கு ஒரே சம்பவம், அதுவும் அந்த வாரத்தில் நடந்தது. ‘ஏன்’ என்று தொடங்கும் கேள்வி நோட்டில் கூடாது, ‘என்ன’ என்று தொடங்கலாம். தூக்கம் சரியாகாமல் போனாலோ மனச்சோர்வு தொடர்ந்தாலோ மருத்துவரைப் பார்க்க வேண்டும், அது என் வேலையின் எல்லைக்கு வெளியே என்றும் சொன்னேன். 24 மணி நேரமும் பேசக்கூடிய 1771 என்ற தேசிய மனநல உதவி எண்ணையும் நோட்டின் பின்னட்டையில் எழுதிக்கொண்டார். அடுத்த சந்திப்பில் தூக்கம் திரும்பியிருந்தது. திரும்பியிருக்காவிட்டால் கோச்சிங்கை அங்கேயே நிறுத்தி வைத்திருப்பேன்.

தன்னாய்வுக்கு ஆதரவாக அடிக்கடி எடுத்துக்காட்டும் ஆராய்ச்சி ஒன்று பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட விப்ரோ நிறுவனத்தில் நடந்தது. பயிற்சியில் இருந்தவர்களில் ஒரு குழுவினர் தினமும் கடைசி 15 நிமிடம் அன்று கற்றதைப் பற்றி எழுதினார்கள். இறுதித் தேர்வில் எழுதாதவர்களைவிடச் சுமார் 23 விழுக்காடு கூடுதலாகச் செய்தார்கள். நல்ல செய்திதான். ஆனால் அவர்கள் எழுதியது வேலைப் பாடம். சக மனிதரோடு நடந்த உரசலை எழுதுவது வேறு சமாச்சாரம், அதற்கு இந்த எண்ணைத் தூக்கிக் காட்டுவதை நான் தவிர்க்கிறேன்.

பக்கங்களை மேசையில் பரப்பியபோது

இந்த நிகழ்வில் முக்கியமான மணி நேரம் என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் இதுதான். அதுவரை எழுதிய இரட்டைப் பக்கங்கள் எல்லாவற்றையும் நோட்டிலிருந்து பிரித்து மேசையில் பரப்பச் சொன்னேன். இடப்பக்கங்களை மட்டும் வரிசையாகப் படித்து, திரும்பத் திரும்ப வருவதைப் பென்சிலால் வட்டம் போட வேண்டும். நான் ஜன்னலோரம் போய் உட்கார்ந்துகொண்டேன். கோச் பக்கத்திலேயே இருந்தால் ஆள் பக்கத்தைப் பார்க்க மாட்டார், கோச்சின் முகத்தைத்தான் பார்ப்பார்.

‘கதை நீளும்’ என்பது பல பக்கங்களில் இருந்தது. ‘எனக்கெல்லாம் யாரு மாத்திக் கொடுத்தா’ என்பதும் வேறு வேறு வடிவத்தில் வந்திருந்தது. இவை இரண்டும் எனக்கும் கண்ணில் பட்டிருந்தவை. மூன்றாவதை அவர்தான் கண்டுபிடித்தார். பக்கங்களை இரண்டு குவியலாகப் பிரித்தார். ஒன்றில் பிலிப்பீன்ஸ், மியன்மார், சீன ஊழியர்கள். மற்றதில் தமிழ் ஊழியர்கள். முதல் குவியலில் கேள்விகள் இருந்தன: “என்ன ஆச்சு? வீட்டில் எல்லோரும் நலமா?” இரண்டாவதில் ஒரு கேள்விகூட இல்லை. ‘மத்தவங்க என்ன பேசுவாங்க’ மட்டும் இருந்தது.

“நான் நம்ம பிள்ளைங்ககிட்டதான் ரொம்பக் கறாரா இருக்கேன் அக்கா.”

பல இனத்தவரும் வேலை செய்யும் இடத்தில் மேலே வந்த தமிழர் பலருக்கு இந்தப் பயம் உண்டு. நம்ம ஆளுக்குச் சலுகை காட்டினாள் என்று ஒரு பேச்சு கிளம்பிவிட்டால் கதை முடிந்தது. அதனால் நியாயமாக இருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு தராசை எதிர்ப்பக்கம் சாய்த்துவிடுகிறார்கள். சிஸ்டரின் எந்தத் தனிப் பக்கத்திலும் இது தெரிந்திருக்காது. ஒவ்வொரு சம்பவத்திலும் அவர் செய்ததற்குக் காரணம் இருந்தது, ரோஸ்டர் உண்மையிலேயே போட்டாகிவிட்டது, ரிப்போர்ட்டுக்கு உண்மையிலேயே நேரமாகியிருந்தது.

கடற்பாலத்தில் விடிவதற்கு முன்னால் வரிசையில் நின்ற காலம், வீட்டில் விட்டுவந்த கைக்குழந்தை, அப்போது ஷிப்ட் மாற்றித் தராத ஒரு மேலாளர் என்று கொஞ்சம் பேசினார். கேட்டேன், தோண்டவில்லை. ‘எனக்கெல்லாம் யாரு மாத்திக் கொடுத்தா’ என்ற வரி எங்கிருந்து வந்தது என்பது ஆலோசகரோடு உட்கார்ந்து பேசத்தக்க விஷயம். “அந்த வரி மனசுல ஓடும்போது உங்க வாய் என்ன செய்யுது?” என்று மட்டும் கேட்டேன். “சீக்கிரம் முடிக்குது” என்றார்.

ஒரு கேள்வி

என்ன செய்து பார்க்கலாம் என்பதை அவரே முடிவு செய்தார். யார் எதைக் கேட்டு வந்தாலும் பதில் சொல்வதற்கு முன் ஒரு கேள்வி கேட்பது: “என்ன விஷயம்னு சொல்ல முடியுமா? சொல்ல வேணாம்னாலும் பரவாயில்ல.” நான் சேர்த்தது ஒன்றுதான். என்ன ஆகும் என்று நினைக்கிறாரோ அதை முன்கூட்டியே நோட்டில் எழுதிவிட வேண்டும். ‘கதை நீளும், ரிப்போர்ட் தாமதமாகும்’ என்று எழுதினார். இது இல்லாவிட்டால் பிறகு நினைவு தன் வசதிக்கு மாறிக்கொள்ளும்.

பெரும்பாலும் பேச்சு ஓரிரு நிமிடத்தில் முடிந்தது. ஒரு நாள் மட்டும் உண்மையிலேயே நீண்டது, ரிப்போர்ட் தாமதமானது, அடுத்த ஷிப்ட் ஆட்கள் முணுமுணுத்தார்கள். அதையும் எழுதினார். எம்சி எடுத்த அந்தப் பெண்ணிடம் தானே போய்ப் பேசினார். அன்று அப்பாவுக்கு ஸ்கேன், கூட்டிப்போக வேறு ஆள் இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. அந்தப் பெண் சில வாரம் கழித்து வேறு வார்டுக்குப் போய்விட்டார், அதற்கான மனு முன்பே போயிருந்தது. இன்னொரு தாதி வேலையை விடப்போகும் செய்தியை முதலில் சிஸ்டரிடம் வந்து சொன்னார். சந்தோஷப்படுவதா வருத்தப்படுவதா என்று தெரியவில்லை என்றார் சிஸ்டர். மனிதவளப் பிரிவுக்கான கடைசிக் கூட்டத்தில் எதைச் சொல்வது என்பதை அவரே எழுதிவந்து வாசித்தார். தமிழ் ஊழியர் விஷயத்தை அங்கே சொல்லவில்லை. சொல்ல வேண்டிய கட்டாயமும் இல்லை.

முடிக்கும் நேரத்தில் அவருக்கு ஒரு ஆசை வந்தது. தன் கீழ் இருக்கும் மூத்த தாதியர் இருவரையும் இதே மாதிரி இரட்டைப் பக்கம் எழுதவைத்து, மாதம் ஒருமுறை தானே படித்துப் பார்த்து உதவ வேண்டும் என்று. வேண்டாம் என்று நேராகவே சொன்னேன். அவர்களுக்கு ஆண்டு மதிப்பீடு எழுதுவது இவர். மதிப்பீடு எழுதுகிற கைக்கு எவரும் இடப்பக்கத்தைக் காட்ட மாட்டார்கள். காட்டினாலும் அது இவருக்குப் பிடிக்கும் இடப்பக்கமாகத்தான் இருக்கும், அழகாக, ஆறு கட்டம் போட்டு. கொஞ்சம் ஏமாற்றத்தோடுதான் கேட்டுக்கொண்டார். பிறகு வேறு வார்டில் மேலாளராக இருக்கும் தோழியிடம் பேசி, அவர் ஆட்கள் எழுதுவதை இவரும் இவர் ஆட்கள் எழுதுவதை அவரும் கேட்பது என்று ஏற்பாடு செய்யப் பார்க்கிறார். மதிப்பீட்டுக் காலம் முடிந்தபின் தொடங்கலாம் என்று தோழி சொல்லியிருக்கிறாராம்.